மடியா, காட்டா, அடகா: அம்மாவின் பாரிஸ் பயணத்துக்கு முன் போட்ட கணக்கு

போன கிழமை அம்மா என் தையல் கடைக்கு மூன்று பாவாடைகளோடு வந்தார். "இதில மூண்டிலையும் உள்ளுக்கு ஒரு பொக்கற் வச்சுத் தா பிள்ளை. பெரிசா வை. எல்லாம் அதுக்குள்ளதான் போகோணும்."

எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டேன். விரலை மடித்து மடித்துச் சொன்னார். பாஸ்போட், மாற்றி வைத்திருக்கும் 600 யூரோ, வங்கிக் காட், தாலிக்கொடி, இரண்டு சோடிக் காப்பு, அக்காவின் குழந்தைக்கு 31ஆம் நாள் போடவென்று வாங்கிய சங்கிலியும் குட்டிக் காப்பும், அப்புறம் காணி உறுதியின் பிரதி. பாரிஸில் காணி உறுதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு இந்த மாதிரி வேலை புதிதில்லை. கனடாவுக்கு மகளைப் பார்க்கப் போகும் தாய், லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போகும் சித்தி, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் மாமா என்று யாராவது ஒருவர் மாதத்தில் இரண்டு தரமாவது உள்பொக்கற் தைக்க வருவார்கள். போய்வந்த பிறகு அதே ஆட்கள் துணி தைக்க வரும்போது கதையும் வரும். எது உதவியது, எது தொல்லையாய்ப் போனது, எது தொலைந்தது என்று. அந்தக் கதைகளையும் எனக்கே நடந்ததையும் வைத்துத்தான் அம்மாவோடு நான்கு நாள் வாதாடினேன். வயதான ஒருவரை முதல்தரம் வெளிநாட்டுக்கு அனுப்பும் வேறு யாருக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் பக்கம். அவருடைய முறை அனுபவத்தில் வந்தது. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து உருத்திரபுரத்திலிருந்து வெளிக்கிட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடத்திலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போனோம். தையல் மெஷின் ஓர் இடத்தில், ட்ரங்குப் பெட்டி இன்னோர் இடத்தில், மாடுகள் வீட்டிலேயே. பாவாடைக்குள் பொலித்தீனில் சுற்றித் தைத்து வைத்திருந்த கொடியும் பிறப்புச் சான்றிதழ்களும் மட்டும் 2009இல் அம்மாவோடு செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தன. நகையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னபோது அம்மா ஒரே வரியில் கேட்டார்: "விட்டிட்டுப் போனது எது பிள்ளை திரும்பி வந்தது?"

இதற்கு எதிராக வாதாடுவது லேசில்லை. ஆனால் அந்த வழியில் ஆபத்து இருந்தது விட்டுவந்த பொருளுக்கு. பாரிஸ் ரயிலில் ஆபத்து இருப்பது கூடக் கொண்டுபோகும் பொருளுக்கு. அப்பா வீட்டில் இருக்கிறார், வங்கி டவுனில் இருக்கிறது, இரணைமடுத் தண்ணீர் வந்து வயலும் நடக்கிறது. விட்டுவிட்டுப் போக இடம் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பாவாடைக்குள் போட்டால், ஒரு பாவாடை போனால் எல்லாம் போகும்.

எனக்குப் பறிபோன கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் நானும் இவரும் பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போனோம். கோயில் பயணம். கடைத்தெரு ஒன்றில் நல்ல சனம். பின்னாலிருந்து ஒரு குரல், "அக்கா, உங்க காசு கீழ விழுந்திருச்சு பாருங்க." குனிந்து பார்த்தால் காலடியில் மூன்று நாலு 10 ரூபாய்த் தாள். என்னுடையது இல்லை என்று தெரிந்தும் குனிந்தேன். நிமிர்ந்தபோது தோளில் பை இருந்தது, ஜிப் திறந்திருந்தது, பேர்ஸ் இல்லை. 14,000 இந்திய ரூபாயும் என் காட்டும் அதற்குள். சொல்லப்போனால் மிகப் பழைய தந்திரம், தமிழ்நாட்டுப் பேப்பர்களில் வருடா வருடம் வருகிறது. ஆனால் யாரோ ஒருவர் நம் மொழியில் அக்கா என்று கூப்பிட்டதும் மனம் இளகிவிடுகிறது. அதே வருடம் பாரிஸுக்குப் போய்வந்த என் சிநேகிதி ஒரு சதமும் தொலைக்கவில்லை. மொழி தெரியாத இடத்தில் அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரிந்தாளாம்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஒன்றுதான். பாஸ்போட்டும் மீதிக் காசும் இவருடைய காட்டும் அந்தப் பேர்ஸில் இருக்கவில்லை. அதனால் இரவுச் சாப்பாட்டுக்கும் லொட்ஜுக்கும் திரும்பி வருவதற்கும் குறை வரவில்லை. அதிலிருந்து எந்த முறையைப் பற்றி யார் கேட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று: இது போய்விட்டால் அன்று இரவு எங்கே நிற்போம்?

உடம்போடு கொண்டுபோகும் வகைகளில் தொடங்குகிறேன், இது என் தொழில்.

கழுத்தில் தொங்கவிடும் பை விமான நிலையத்துக்கு வசதி. பாஸ்போட்டை எடுப்பதும் வைப்பதும் சுகம். ஆனால் சேலை கட்டுபவருக்கு அதன் நூல் பின்கழுத்தில் வெளியே தெரியும். தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. சட்டைக்கு மேல் இடுப்பில் கட்டும் பையும் அப்படித்தான். சந்தையில் வியாபாரிகள் சாரத்துக்கு மேல் கட்டும் பொக்கற் வைத்த அகலப் பெல்ட் அவர்களுக்குச் சரி. நாள் முழுக்கக் கை அதன்மேல் இருக்கிறது, சுற்றி நிற்பவர்கள் தெரிந்த முகங்கள். மெற்ரோவில் அது வேறு கதை.

சட்டைக்குள் பேர்ஸ் வைப்பது எங்கள் பெண்களின் பழைய பழக்கம். சந்தைக்குப் போதும். பாஸ்போட் அதற்குள் அடங்காது, குளிர் நாட்டில் கோட்டுக்கும் சுவெற்றருக்கும் உள்ளே கையை விட்டுத் துழாவுவதும் நடவாது.

உடைக்கு உள்ளே இடுப்பில் கட்டும் மெல்லிய பட்டிப் பை வெளிநாட்டுக்காரர் அதிகம் பாவிப்பது. கொழும்பில் வாங்கலாம், நானும் தைத்துக் கொடுப்பேன். நன்றாக மறையும். ஆனால் அதன் குறை நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. என்னிடம் அதை வாங்கிப்போன இரண்டு பேர் விமான நிலையக் கழிப்பறையில் கழற்றிக் கொளுக்கியில் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவருக்குத் திரும்பக் கிடைத்தது. மற்றவருக்கு இல்லை. கள்ளன் எடுப்பதைவிட நாமே விட்டுவிட்டு வருவது வயதானவர்களுக்குக் கூடுதலாக நடக்கும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சோதனை வாசலில் பெல்ட் என்றால் கழற்றச் சொல்லுவார்கள், தட்டில் போட்டு அனுப்பிவிட்டு நாம் இந்தப் பக்கம் நிற்போம். பை அந்தப் பக்கம் போய்விடும்.

பாவாடையிலேயே தைத்த பொக்கற்றை மறந்துவிட்டு வர முடியாது. அம்மாவின் தெரிவு அந்த அளவில் சரி. ஆனால் அளவு முக்கியம். பாஸ்போட் 12.5 சென்ரிமீற்றர் நீளம், 8.8 அகலம். அதற்கு 6 அங்குலம், 4½ அங்குலப் பொக்கற் தாராளம். அதற்கு மேல் பெரிதாக வைத்தால் உள்ளே சாமான் கூடும், நடக்கும்போது துடையில் அடிக்கும், கை அடிக்கடி அங்கே போகும். கை போகும் இடத்தைத்தான் கள்ளன் பார்க்கிறான். நாடாவுக்கு இரண்டு அங்குலம் கீழே, வலது முன்பக்கம், பிளாஸ்ரிக் ஜிப். ஹூக் வைத்தால் தானாகக் கழரும். காசை ஒரு சின்னப் பொலித்தீனுக்குள் போட்டுத்தான் வைக்கவேண்டும். வேர்வையில் ஊறிய டொலரைக் காசு மாற்றும் கடைக்காரர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த கதை எனக்குத் தெரியும்.

இதற்கும் குறை உண்டு. தினம் பாவாடை மாற்றும்போது பொக்கற்றும் மாறவேண்டும். ஒருநாள் மறந்தால் காசும் பாஸ்போட்டும் வோஷிங் மெஷினுக்குள் போகும். யூரோத் தாள் பருத்தியில் செய்தது, ஒரு சுற்றுத் தாங்கும். பாஸ்போட் தாங்காது. இன்னொன்று, உள்பொக்கற் சேமிப்பறை மாதிரி. அதிலிருந்து கோப்பிக்குக் காசு எடுக்கக்கூடாது. சனத்துக்கு நடுவே சேலையை ஒதுக்கி உள்ளே கையை விட்ட அந்தக் கணத்தில் ஒளித்ததன் பயன் போய்விட்டது. ஆகவே வெளியே ஒரு சின்னப் பேர்ஸ் எப்படியும் வேண்டும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய அளவு காசோடு. அம்மாவுக்கு அது 30 யூரோ.

சரி, இப்போது காசா காட்டா என்ற கேள்வி. இங்கே போகும் நாட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

இந்தியா என்றால் காசு இல்லாமல் சரிவராது. அங்கே பெட்டிக்கடைக்காரர்கூட போனில் ஸ்கான் பண்ணிக் காசு வாங்குகிறார், ஆனால் அந்த முறையில் எங்கள் வங்கிக் காட் வேலை செய்யாது. ஓட்டோ, அர்ச்சனைச் சீட்டு, தேநீர் எல்லாம் கைக்காசு. மிஞ்சிய இந்தியக் காசை அடுத்த தரத்துக்கு என்று அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் ஒரே இரவில் செல்லாமல் போனபோது எங்கள் ஊரிலும் சில அலுமாரிகளில் கடதாசி மிஞ்சியது. பாரிஸ் என்றால் தலைகீழ். பாண் வாங்குவதற்கும் காட், மெற்ரோவுக்கும் காட். லா ஷப்பலில் தமிழ்க் கடைகளில் மட்டும் கொஞ்சம் சில்லறை கையில் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு, 600 யூரோவை எங்கே செலவழிக்கப்போகிறார்? 200 போதும் என்றேன், 300இல் வந்து நின்றோம். அதையும் 50க்குக் கீழ்ப்பட்ட தாள்களாக. பெரிய தாளை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், பின்னால் நிற்பவன் பேர்ஸைப் பார்ப்பான்.

காட் காசைவிடப் பாதுகாப்பு என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். பாதி உண்மை. தொலைந்தால் வங்கி அப்பில் ஒரு தட்டில் நிறுத்தலாம், காசை அப்படி நிறுத்த முடியாது. ஆனால் நிறுத்த முதல் என்ன நடக்கும் என்று பார்க்கவேண்டும். பிரான்சில் 50 யூரோ வரை பின் நம்பர் இல்லாமல் தட்டிவிட்டுப் போகலாம். எடுத்தவன் தட்டுவான். அதோடு, அம்மாவின் காட் உறைக்குள் ஒரு துண்டு இருந்தது. அதில் அம்மாவின் அழகான கையெழுத்தில் நாலு இலக்கம். "மறந்துபோவன் எண்டுதான்" என்றார். கள்ளனுக்கும் மறக்காது. அந்தத் துண்டைக் கிழித்துவிட்டுப் பேரன் பிறந்த திகதியையோ வீட்டு இலக்கத்தையோ போடாமல் வேறு இலக்கம் மாற்றிக்கொடுத்தோம். மூன்று நாள் காலையில் தேநீரோடு கேட்டுக்கேட்டு மனப்பாடம் ஆக்கினேன்.

இன்னொரு பொறி இருக்கிறது. இங்கிருந்து போகும் பலர் அங்கே போய்த்தான் கண்டுபிடிக்கிறார்கள். காட் வெளிநாட்டில் வேலை செய்வதற்கு முன்கூட்டியே வங்கியில் சொல்லித் திறந்துவிடவேண்டும். இணையத்தில் எதையும் வாங்கப் போனால் ஓ.ரி.பி. வரும், அது இலங்கைச் சிம்முக்கு வரும். சிம்மைக் கழற்றி ஊரில் வைத்துவிட்டுப் போனால், அல்லது ரோமிங் போடாமல் போனால், காட் கையில் இருந்தும் அந்த இடத்தில் பயனில்லை. போனும் காட்டும் ஒரே பையில் இருந்து ஒன்றாகப் போனால் இன்னும் மோசம். காட்டை நிறுத்துவதற்கான அப்பும் போனோடு போய்விட்டது. நான் சென்னையில் காட்டை நிறுத்தியது இவருடைய போனில், கடையிலிருந்த பெண்பிள்ளை தேடி அனுப்பிய வங்கி நம்பருக்கு அடித்து. அரை மணி நேரம் பிடித்தது. இப்போது அந்த நம்பர் என் டயரியிலும் அம்மாவின் கைப்பையில் ஒரு துண்டிலும் அக்காவின் குளிர்சாதனப்பெட்டிக் கதவிலும் இருக்கிறது.

ஏ.ரி.எம்.மில் ஒரு சின்ன விஷயம். இலங்கை ரூபாயிலா யூரோவிலா கழிக்க என்று திரையில் கேட்கும். யூரோவை அமத்தவேண்டும். ரூபாய் என்று அமத்தினால் அவர்கள் வைத்த மாற்று வீதம், அதுவும் ஒரு மாதிரிக் களவுதான், சட்டப்படி நடப்பது. காட்டைத் தொடாமலே இலத்திரன் முறையில் காசு உறிஞ்சுவார்கள் என்று பயமுறுத்தி விற்கும் தகட்டுப் பேர்ஸுக்குக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் அப்படிப் போகவில்லை. போனதெல்லாம் கையால் எடுத்ததுதான்.

காசே கொண்டுபோகாமல் உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்மூலம் காசு கைமாற்றும் வழி) போட்டுவிடுங்கள், அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று எதிர்க்கடை அண்ணை ஆலோசனை சொன்னார். வழியில் களவு போக ஒன்றும் இருக்காது, உண்மைதான். ஆனால் அனுமதி இல்லாத வழி, துண்டு இல்லை, அங்கே கொடுக்கவேண்டியவர் கையை விரித்தால் பொலிஸுக்கும் போக முடியாது. வங்கி வழியாக அனுப்பினால் கட்டணம் போகும், முதல் போகாது. ஹோட்டல் சேவ் பெட்டியைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இல்லை, அக்கா வீட்டில் தங்குவதால். லொட்ஜில் தங்குபவருக்குச் சொல்வதென்றால், அந்தப் பெட்டியைத் திறக்க நிர்வாகத்திடமும் வழி இருக்கிறது. பாஸ்போட்டை வைக்கலாம், தெருவில் கொண்டு திரிவதைவிட மேல். தங்கத்தை நான் வைக்கமாட்டேன்.

தங்கம்தான் நாலு நாளில் மூன்று நாளைத் தின்றது.

போட்டுக்கொண்டு போவது ஒரு வழி. ஐரோப்பாவில் எங்கள் ஆட்களிடம் தங்கம் இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரியும், கோயில் திருவிழாவும் கலியாண மண்டபமும் அவனுக்கும் திருவிழாதான். ஓகஸ்டின் கடைசியில் லா ஷப்பல் தெருவில் பிள்ளையார் தேர் இழுக்கும் சனத்துக்குள் 9 பவுண் கொடியோடு அம்மாவை நிறுத்தி நினைத்துப் பார்த்தேன், வயிறு கலங்கியது. கள்ளன் மட்டுமா? சென்னை விமான நிலையத்தில் இலங்கையிலிருந்து போன ஒரு புதுமணப் பெண்ணின் தாலிக்கொடியைச் சுங்கத்தார் வாங்கி வைத்துவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2025இல்தான் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நீதி கிடைத்தது, சரி. அதுவரை அந்தப் பிள்ளை பட்ட பாட்டை யார் திருப்பிக் கொடுப்பது?

வீட்டு அலுமாரியில் வைப்பது இரண்டாவது வழி. அப்பா காலையில் வயலுக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அம்மா பாரிஸ் போகிற கதை ஒழுங்கை முழுக்கத் தெரியும். அதுவும் சரிவராது. புதைத்து வைக்கலாம் என்று அப்பா சொன்னார், நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். அந்தக் கதை அதோடு முடிந்தது.

வங்கி லொக்கர் நல்லது. நாங்கள் கேட்ட கிளையில் காலி இல்லை, பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கிடைத்தாலும், உள்ளே நாம் என்ன வைத்தோம் என்பது வங்கிக்குத் தெரியாது. ஏதாவது நடந்தால் என்ன இருந்தது என்று நிரூபிப்பது நம் பாடு.

நான்காவது வழியை எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அடகு வைப்பது. காசு தேவையில்லாமல், பத்திரத்துக்காக. வங்கி நிறுத்து, மாற்றுப் பார்த்து, நிறையை எழுதித் துண்டு தரும். அதன் பிறகு அந்த நகைக்கு வங்கிதான் பொறுப்பு. எடுக்கும் காசு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 50,000 ரூபாய் மட்டும் எடுத்து, வட்டி வருடம் 12 வீதம் என்று வைத்தால், மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய். 9 பவுணுக்குக் காவல்காரன் சம்பளம் அது. எடுத்த 50,000ஐத் தொடாமல் சேமிப்பில் போட்டு வைத்தால் மீட்கும்போது திண்டாட்டமும் இல்லை. தவணை தவறினால் ஏலத்துக்குப் போகும் என்பது ஒன்றே ஆபத்து, அதற்குத் திகதியை அப்பாவின் நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன்.

அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. சண்டைக் காலத்தில் புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த பெரியம்மாவின் சங்கிலி இன்றுவரை வரவில்லை. 2025 மே மாதம் இராணுவத்திடம் இருந்த நகைகளில் ஒரு தொகுதியைப் பொலிஸிடம் ஒப்படைத்த செய்தி வந்தபோது பெரியம்மா பழைய துண்டைத் தேடி எடுத்துச் சாமித்தட்டில் வைத்தார். துண்டு இருக்கிறது. நகை எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. "அதுவும் வங்கி எண்டுதானே சொன்னவை" என்று அம்மா கேட்டபோது நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த வங்கிக்கு நடந்தது நாட்டுக்கே நடந்த சண்டையில், உங்கள் பயணம் மூன்று மாதம் என்று மட்டும் சொன்னேன். அவர் சம்மதித்தது என் வாதத்தாலா, மருமகளோடு போய்வந்த பக்கத்து வீட்டு மாமி தன் நகையை அப்படித்தான் வைத்துவிட்டுப் போனேன் என்று சொன்னதாலா தெரியாது. இரண்டாவதுதான் இருக்கவேண்டும்.

தாலியைக் கழற்ற முடியாது. அதை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டார். முன்னொரு காலத்தில் கொடி அடகில் இருக்கும்போது மஞ்சள் கயிறு கட்டுவதை அம்மா வெட்கமாக நினைத்து சட்டைக்குள் மறைப்பார். இந்தமுறை மறைக்கவில்லை.

குழந்தையின் சங்கிலிக்கு இன்னொரு சிக்கல். விமானத்தில் வருபவர் கொண்டுவரும் பரிசுச் சாமானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 430 யூரோ வரைதான் வரிவிலக்கு. தங்கம் விற்கும் விலைக்கு ஒரு பவுணே அதைத் தாண்டும். சொல்லாமல் போவது ஒரு தலையிடி, சொல்லிப் போவது இன்னொரு செலவு. ஆகவே குட்டிக் காப்பு மட்டும் பில்லோடு போகிறது, சங்கிலி அடகுக்கும் போகாமல் என் கடை இரும்புப் பெட்டியில் நிற்கிறது. அக்கா குழந்தையோடு ஊருக்கு வரும்போது மடுவிலோ புளியம்பொக்கணை நாகதம்பிரானிலோ வைத்துப் போடட்டும்.

கடதாசிகளைப் பற்றிச் சுருக்கமாக. பாஸ்போட்டின் முதல் பக்கமும் விசாப் பக்கமும் போனில் படமாக, அக்காவின் போனில் படமாக, பெட்டிக்குள் பிரதியாக. தொலைந்தால் முதலில் அந்த ஊர்ப் பொலிஸில் முறைப்பாட்டுத் துண்டு, பிறகு எங்கள் தூதரகம். சென்னையில் என்றால் துணை உயர்ஸ்தானிகராலயம். ஐரோப்பாவில் எந்த அவசரத்துக்கும் 112. விசாவுக்காக எடுத்த காப்புறுதி 30,000 யூரோவுக்கு என்றதும் அம்மா காசு தொலைந்தாலும் தருவார்கள் என்று நினைத்துவிட்டார். அது வருத்தத்துக்கும் வைத்தியத்துக்கும் உரியது. பறிபோன கைக்காசுக்கு அதில் ஒன்றும் வராது. போனில் நட்சத்திரம், சதுரக்குறி, 06, சதுரக்குறி என்று அமத்தினால் வரும் நீண்ட இலக்கத்தையும், அது அந்தப் போனின் அடையாள இலக்கம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பொலிஸ் கேட்கும்.

வழியில் நடப்பதைச் சொல்லிக் கொடுப்பது எந்தப் பையையும்விடப் பெரிய வேலை. கட்டுநாயக்கவுக்குப் போகும் இரவு பஸ்ஸிலேயே பாடம் தொடங்குகிறது, கைப்பை மேல் தட்டுக்குப் போகாது, மடியில்தான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம், அதன் கைபிடியில் பையைக் கொளுவக்கூடாது. பாரிஸில் இறங்கியதும் ரிக்கற் மெஷினுக்குப் பக்கத்தில் உதவி செய்ய வருபவர் யாராக இருந்தாலும் அத்தான் வரும்வரை சிரித்துவிட்டு நிற்பது. கார் து நோர் நிலையம் எங்கள் ஆட்களும் கள்ளரும் ஒன்றாக நடமாடும் இடம். மெற்ரோக் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தால், கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு குதித்துவிடுவான், ரயில் நம்மைக் கொண்டுபோய்விடும். தெருவில் ஒருவர் குனிந்து தங்க மோதிரம் எடுத்து உங்களுடையதா என்று கேட்பார். இதைச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து இருந்தார். "தங்கமோ?" பித்தளை அம்மா என்றேன். சென்னையில் எனக்குக் காட்டிய 10 ரூபாயின் பிரெஞ்சுப் பதிப்பு.

ஆக முடிவில் உள்பொக்கற்றில் பாஸ்போட்டும் 200 யூரோவும். கைப்பையின் உள்ஜிப்பில் காட்டும் 70 யூரோவும் குழந்தையின் குட்டிக் காப்பும், ஜிப்பின் காதில் ஒரு சேப்டி பின். அந்தப் பின் கள்ளனைத் தடுக்காது, தாமதிக்க வைக்கும். வெளிப் பேர்ஸில் 30. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே பாஸ்போட் அக்காவின் பூட்டும் அலுமாரிக்குள் போகிறது, அதன் பிறகு பாவாடைப் பொக்கற்றில் பிரதி மட்டும்.

மூன்று பாவாடையும் தைத்து அயர்ன் பண்ணி வைத்திருந்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். சின்னனாய்ப் போச்சு என்று முணுமுணுத்தார். பிறகு ஒரு பாவாடையை மட்டும் என் பக்கம் தள்ளி, இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதில ஒரு சின்னப் பொக்கற். ஜிப் வேண்டாம்."

எதற்கு என்று கேட்டேன். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் உறையை எடுத்து மேசையில் வைத்தார். எட்டாக மடித்த உறுதிப் பிரதி. நான் நூலைக் கோத்தேன்.